டிஜே ஸ்டென்ட்: புற்றுநோய் நெருக்கும் சிறுநீர்க்குழாயில் எவ்வளவு தாங்குகிறது?

கருப்பைவாய், சினைப்பை, பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களும், வயிற்றின் பின்புற நிணநீர்க் கணுக்களில் பரவும் கட்டிகளும், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் யூரெட்டர் குழாயை வெளியிலிருந்து நெருக்கி அடைத்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட அடைப்புக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது, சிறுநீர் இறங்குவதற்காக யூரெட்டருக்குள் வைக்கும் மெல்லிய குழாயான டிஜே ஸ்டென்ட்டைத்தான். என் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோதே இரண்டு பக்கச் சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அதன் பிறகு சாதாரண ஸ்டென்ட், முதுகுவழிக் குழாய், உலோக ஸ்டென்ட் ஆகிய மூன்றையும் அவர் உடம்பில் தாங்கியிருக்கிறார். நான் மருத்துவர் அல்ல. அவரை உடனிருந்து கவனித்துக்கொள்ளும் மகள் என்ற முறையில் இந்த மூன்றைப் பற்றிய மதிப்பீட்டை எழுதுகிறேன். சாதாரண டிஜே ஸ்டென்ட் நல்ல சாதனம்தான். ஆனால் புற்றுநோய் அடைப்பில் அதை வைத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக யாரும் நிம்மதியடையக் கூடாது என்பதே என் முடிவு.

பொருளைப் பார்த்தால் மிக எளிமையானது. பாலியூரித்தேன் அல்லது சிலிகோன் போன்ற பொருளால் ஆன மெல்லிய குழாய். பெரியவர்களுக்கு வழக்கமாக வைப்பது 6 பிரெஞ்சு அளவு, அதாவது 2 மில்லிமீட்டர் விட்டம். நீளம் 24 அல்லது 26 சென்டிமீட்டர். இரண்டு நுனிகளும் பன்றிக்குட்டியின் வால்போலச் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்திலும் கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையிலும் உட்கார்ந்துகொள்வதால் குழாய் எளிதில் இடம் நழுவுவதில்லை. குழாயின் நீளம் நெடுகச் சிறு துளைகள் இருக்கும். எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் அறிவதற்காக அளவுக் கோடுகளும் இருக்கும். இந்த வடிவம் 1978இல் அறிமுகமானது. அதற்கு முன்பிருந்த நேரான குழாய்கள் இடம் பெயர்ந்துவிடும் என்ற பெரிய குறையை இந்தச் சுருள்கள் பெருமளவு தீர்த்துவைத்தன.

சிறுநீரகக் கல்லால் வரும் அடைப்பில் இது நன்றாக வேலை செய்வதற்கும் புற்றுநோய் அடைப்பில் தடுமாறுவதற்கும் ஒரு தெளிவான காரணம் உண்டு. அதை எங்களுக்கு விளக்கியவர் ஓர் இளம் யூராலஜி மருத்துவர். அந்த விளக்கம் கிடைத்த பிறகுதான் அடுத்தடுத்த முடிவுகளை எங்களால் நிதானமாக எடுக்க முடிந்தது. ஸ்டென்ட் வைத்த குழாயில் சிறுநீர் ஸ்டென்ட்டின் உள்துளை வழியாக மட்டும் இறங்குவதில்லை; ஸ்டென்ட்டுக்கும் குழாயின் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாகவும் நிறையவே இறங்குகிறது. கட்டி வெளியிலிருந்து இறுக்கும்போது அந்தச் சந்து முற்றாக மூடிக்கொள்கிறது. மீதமிருக்கும் உள்துளையோ மிகக் குறுகியது. மென்மையான பிளாஸ்டிக் என்பதால் அதுவும் நசுங்கக்கூடும், ரத்தக் கட்டியாலும் படிவுகளாலும் அடைபடக்கூடும். எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் அதன் இடத்திலேயே அழகாகத் தெரியும். ஆனால் சிறுநீர் இறங்காது. வெளி நெருக்கத்தால் வரும் அடைப்பில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் தோற்றுப்போவது சில ஆய்வுகளில் பத்துக்கு நான்கு என்ற அளவை எட்டியிருக்கிறது.

அம்மாவுக்கு அடைப்பை அவசரமாக நீக்க வேண்டியிருந்ததற்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது மட்டும் காரணம் அல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் வாராவாரம் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சிறுநீரகம் போதுமான அளவு இயங்காத நிலையில் அதைக் கொடுக்க முடியாது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் அம்மாவுக்கு அப்போது 5ஐத் தாண்டியிருந்தது. ஆகவே ஸ்டென்ட் என்பது எங்களுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குள் நுழைவதற்கான வாசலாக இருந்தது. இந்தக் கோணத்தைக் குடும்பத்தினர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஏனென்றால் எந்தக் குழாய், எந்த வழி, எவ்வளவு சீக்கிரம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அடுத்து என்ன சிகிச்சை வரப்போகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சிறுநீர்ப்பை வழியாகக் கருவியைச் செலுத்தி வைத்தபோது வலப்பக்கம் ஸ்டென்ட் ஏறிவிட்டது. இடப்பக்கம் வழிகாட்டிக் கம்பிகூட நுழையவில்லை. அந்தப் பக்கத்துக்கு முதுகுவழியாகச் சிறுநீரகத்துக்குள் நேரடியாகக் குழாய் போட்டார்கள். நெப்ராஸ்டமி அல்லது பிசிஎன் என்று சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டு நாங்கள் பயந்த அளவுக்கு அது இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேன் பார்த்தபடியே முடித்துவிட்டார்கள். பையில் சிறுநீர் விழத் தொடங்கியதை அன்றே கண்ணால் பார்க்க முடிந்தது. முதல் சில நாட்கள் அது வெள்ளமாகவே வந்தது. அடைப்பு விலகியதும் சிறுநீரகம் இப்படி அளவு மீறிக் கொட்டுவது இயல்பு என்றும், அந்த நேரத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் கவனிக்காவிட்டால் ஆபத்து என்றும் செவிலியர் சொல்லி, ஒவ்வொரு முறை பையைக் காலி செய்யும்போதும் அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துவைக்கச் சொன்னார். கிரியேட்டினின் இறங்கியது. சிஸ்பிளாட்டின் தொடங்கப்பட்டது.

நம்பகத்தன்மையை மட்டும் பார்த்தால் நான் நெப்ராஸ்டமிக்கே முதலிடம் கொடுப்பேன். வேலை செய்கிறதா இல்லையா என்பதைப் பையே காட்டிவிடும். ஆனால் அன்றாட வாழ்க்கையில் அது பெரிய பாரம். மல்லாந்து படுக்க முடியாது. குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது. புடவைக்குள் பையை மறைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக அம்மா சம்மதிக்கவே இல்லை. தூக்கத்தில் புரளும்போது குழாய் இழுபட்டு வெளியே வந்துவிடும் அபாயமும் உண்டு. வீக்கம் வடிந்த பிறகு அதே முதுகு வழியாக மேலிருந்து கம்பியை இறக்கி, உள்ளே ஸ்டென்ட்டை வைத்து, பையை எடுத்துவிட்டார்கள். கீழிருந்து ஏற மறுத்த கம்பி மேலிருந்து இறங்கிவிட்டது. கீழிருந்து முடியவில்லை என்று ஒரு மருத்துவமனை சொன்னால் இந்த வழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இதைச் செய்வதற்கு ரேடியாலஜி மருத்துவரின் உதவி தேவைப்படலாம்.

உள்ளே ஸ்டென்ட் இருப்பவர்களின் அன்றாடச் சங்கடங்களை மருத்துவமனைகள் போதிய அளவு விளக்கிச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையின் உட்சுவரை உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் இருக்கும். வந்தால் அடக்க முடியாது. சற்று அதிகம் நடந்த நாட்களில், மாடி ஏறிய நாட்களில், சிறுநீர் வெளிர் சிவப்பாக வரும்; தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுத்தால் மறுநாள் தெளிந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது விலாவுக்குக் கீழே சுரீரென்று ஒரு வலி மேலே ஏறும். ஸ்டென்ட் திறந்தே இருப்பதால் சிறுநீர்ப்பை சுருங்கும்போது சிறுநீர் மேல்நோக்கியும் தள்ளப்படுவதுதான் அதற்குக் காரணம். முக்காமல், நிதானமாகக் கழித்தால் அந்த வலி குறைகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த டாம்சுலோசின் மாத்திரை அம்மாவுக்கு நன்றாகவே உதவியது. ஆண்களின் புராஸ்டேட் மாத்திரை பெண்ணுக்கு எதற்கு என்று மருந்துக் கடைக்காரர் சந்தேகப்பட்டார். ஸ்டென்ட் தொந்தரவுக்கு இருபாலருக்கும் அதைக் கொடுப்பது வழக்கம்தான்.

வலப்பக்க ஸ்டென்ட் எங்களைக் கைவிட்டது எந்த அறிகுறியும் இல்லாமல்தான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது; இடப்பக்கச் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருந்ததால் அளவில் மாற்றம் தெரியவில்லை. கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் மெல்ல ஏறியிருந்தது. ஸ்கேனில் வலச் சிறுநீரகம் மறுபடி வீங்கியிருந்தது. அன்று அந்தப் பரிசோதனை செய்யப்படாமல் இருந்திருந்தால் நாங்கள் ஒரு சிறுநீரகத்தையே இழந்திருப்போம். ஆகவே புற்றுநோய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவரும், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கிரியேட்டினினும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எங்களுக்குச் சொல்லப்பட்ட வழிகள் மூன்று. மறுபடி நெப்ராஸ்டமி என்பது ஒன்று. ஒரே குழாயில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னொன்று. இரண்டு உருளைகளுக்கு நடுவே விழும் பள்ளத்தின் வழியாகச் சிறுநீர் இறங்கும் என்பதால் நெருக்கத்தை அது சற்று அதிகம் தாங்கும். மூன்றாவது உலோக ஸ்டென்ட். குக் நிறுவனத்தின் ரெசொனன்ஸ் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. நிக்கல், கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டிச் செய்யப்பட்டிருப்பதால் கட்டி அழுத்தினாலும் எளிதில் நசுங்காது. 12 மாதம் வரை உள்ளே இருக்கலாம். நிக்கல் டைட்டானியம் உலோகத்தால் ஆன மெமோகாத், அல்லியம், யுவென்டா போன்ற விரியும் வகைகளும் உலகச் சந்தையில் உள்ளன.

அம்மாவுக்கு உலோகச் சுருள் வகையையே தேர்ந்தெடுத்தோம். இதுவரை அந்தப் பக்கத்தில் வீக்கம் திரும்பவில்லை. உரசல், அவசரம், சிவப்புச் சிறுநீர் ஆகியவை இதிலும் உண்டு. சௌகரியத்தில் பிளாஸ்டிக்கைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல மாட்டேன். விலை பல மடங்கு அதிகம். எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் இருப்பதில்லை, வரவழைக்க வேண்டியிருக்கும். ஆனால் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதையும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் மருத்துவமனைச் செலவையும், மயக்க மருந்தையும், கீமோவால் தளர்ந்த உடம்பை மறுபடி அலைக்கழிப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீண்ட நாள் தேவைப்படுபவர்களுக்கு அந்த விலை நியாயமானதே. சில வாரங்களுக்கு மட்டும், கட்டி சுருங்கும்வரை தேவை என்றால் பிளாஸ்டிக் போதும். நோய் மிக முற்றிய நிலையில் எந்தக் குழாயும் வேண்டாம் என்ற முடிவும் சில குடும்பங்களுக்குச் சரியானதாக இருக்கலாம். அதை வலிநிவாரண மருத்துவரோடும், முக்கியமாக நோயாளியோடும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை மாற்ற வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் தடித்த எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை மறந்து நாள் கடத்தினால் அதன்மேல் கல் படிந்து, இழுத்தால் வராத நிலைக்குப் போய்விடும். பிறகு அதை எடுக்கவே தனி அறுவை சிகிச்சை தேவைப்படும். தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த வகை ஸ்டென்ட் அதில் அடங்கும், மாற்றும் செலவும் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டென்ட் உள்ளவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சேரும் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும்.