லோ சி பேஸ் கிளாரினெட்: நாலு வருடம் வாசித்த பிறகு

மூன்றே மூன்று சுரம். பேஸ் கிளாரினெட் என்பது தாழ்ந்த குரலில் ஒலிக்கும் பெரிய கிளாரினெட்; அதன் கடைசி அடிச் சுரம் (லோ) மாடலுக்கு மாடல் மாறும். லோ இ ஃபிளாட்டோடு நிற்கிற பேஸ் கிளாரினெட்டுக்கும் லோ சி வரை இறங்குகிற பேஸ் கிளாரினெட்டுக்கும் இடையில் கூடுதலாகக் கிடைப்பது டி, சி ஷார்ப், சி, அவ்வளவுதான். அதற்காகக் குழாய் நீளும், பெட்டி கனக்கும், வலது கட்டைவிரலுக்குப் புதிதாகக் கீ வரும், விலையும் நன்றாகவே ஏறும். எங்கள் பாடகர் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் தம்பி ஒருவன் "அண்ணா, சி வாங்கட்டுமா, இ ஃபிளாட் போதுமா?" என்று போன மாதம் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலூரில் எங்கள் சபையில் பாஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாட ஆள் குறைந்துபோனதால்தான் நான் இதை வாங்கினேன். பாமாலைக்கு, அதாவது சபைப் பாடல்களுக்கு மட்டும் என்றால் இ ஃபிளாட்டே தாராளம். பாஸ் குரல் வரி எஃப் வரை இறங்கும், மிஞ்சினால் இ. பேஸ் கிளாரினெட்டில் சுரப் பெயர் ஒன்று, காதில் கேட்பது அதைவிட ஒரு முழுச் சுரம் கீழே; அதனால் இ ஃபிளாட் மாடல் அதையும் தாண்டி, காதில் கேட்கும் சுருதிக்கு டி ஃபிளாட் வரை போய்விடும். ஆராதனையில் அந்த மூன்று சுரத்தை நான் தொட்டது மிகக் குறைவு.

ஆனால் செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய தந்தி வாத்தியம்) எழுதியதை வாசிக்க ஆசை இருந்தால் கதையே வேறு. செல்லோவின் அடித்தந்தி சி. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆறு செல்லோ தொகுப்புகளில் மூன்றாவது, மேல் சியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி அந்த அடித்தந்தி சியில்தான் வந்து உட்காரும். இ ஃபிளாட் மாடலில் சரியாக அரைச் சுரம் முன்னால் குழாய் முடிந்துவிடும். முதல் தடவை அந்தச் சியை ஊதியபோது மடியில் வைத்திருந்த குழாய் தொடை வரை அதிர்ந்தது. நான் கொடுத்த காசு அந்த ஒரு சுரத்திலேயே வந்துவிட்டது.

தொல்லையும் உண்டு. இரண்டாம் வருடம் லோ சி திடீரென்று பேசவில்லை, ஊதினால் கீச்சென்று மேலே தாவியது. கீழ்க்குழாயைத்தான் ஒரு வாரம் நோண்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் மேல் பாகத்தில் ஒரு சின்னப் பேடு (துளையை அடைக்கும் மெத்தை) சரியாக மூடவில்லை. சிகரெட் தாளை மெல்லிய கீற்றாக வெட்டி ஒவ்வொரு பேடுக்கும் அடியில் வைத்து, மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் காற்று ஒழுகுகிறது. இங்கே பழுது பார்க்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை, பெட்டியோடு காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குத்தான் போனேன்.

வெயிலையும் யோசியுங்கள். சித்திரையில் 40 டிகிரி தாண்டுகிற ஊர், சுருதி ஏறிவிடும், வாய்வைக்கும் பக்கத்துக் கழுத்துக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தால்தான் கீபோர்டோடு சேரும். மரக் குழாய் வெடித்துவிடுமோ என்று பயந்து நான் எபோனைட் (கெட்டி ரப்பர்) குழாய்தான் எடுத்தேன், இன்றுவரை ஒரு கீறல் இல்லை. கூட வந்த கழுத்து வார் மட்டும் தோளை அறுத்தது, ஆம்பூரில் தோல் வேலை செய்பவர் ஒருவரிடம் அகலமாகத் தைத்து வாங்கிக்கொண்டேன்.

தம்பிக்குச் செல்லோ இசை மேல் ஆசை இருக்கிறது, அதனால் சி வாங்கச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: பணம் கொடுக்கும் முன் லோ சியை மெதுவாக, மூச்சே விடாத மாதிரி ஊதிப் பார். சத்தமாக ஊதினால் ஒழுகல் தெரியாது.