கடைக் கணக்கைக் காக்கும் ஏற்பாடு: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்களுக்கு மோட்டார், பிவிசி பைப், ஃபிட்டிங்ஸ் விற்கும் கடை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கணக்கு முழுவதும் டேலி இஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருளுக்கு மாறியது. அப்புறம் அதன் அடுத்த வடிவமான டேலி பிரைம். அந்தத் தரவு திருட்டுப் போகாமலும் அழிந்து போகாமலும் இருக்க நாங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகளில் எது வருடக்கணக்கில் தாக்குப்பிடித்தது, எது பேருக்குத்தான் இருந்தது என்று எழுதுகிறேன். ஒன்றிரண்டு கம்ப்யூட்டர், ஒரு கணக்கர், வெளியே ஒரு ஆடிட்டர் என்று நடக்கும் கடைகளுக்கு இது பயன்படும்.

"எல்லாம்தான் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறதே, கணக்கு போனால் என்ன?" என்று கேட்கும் வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர் 1, அதாவது விற்பனை ரிட்டர்ன், போர்ட்டலில் இருக்கிறது, கொள்முதல் விவரம் 2பி என்ற பட்டியலில் வருகிறது, உண்மைதான். ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்குச் செய்யும் சில்லறை விற்பனை மொத்தத் தொகையாகத்தான் அங்கே போகிறது. யாருக்கு விற்றோம், அவர் எவ்வளவு கொடுத்தார், மீதி எவ்வளவு என்பது எந்த அரசுத் தளத்திலும் கிடையாது. எங்கள் பக்கத்து விவசாயி கார் அறுவடையோ பிசான அறுவடையோ முடிந்துதான் மோட்டாருக்குப் பணம் கட்டுவார். நடுவில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று பிளம்பரிடம் கொடுத்தனுப்புவார். அந்தப் பாக்கிக் கணக்குதான் கடையின் உயிர். சட்டப்படியும், வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவானது ஒன்று. திருட்டுக்கு எதிரான பாதுகாப்பும் இழப்புக்கு எதிரான பாதுகாப்பும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். நகல் எடுத்து நாலு இடத்தில் வைத்தால் கணக்கு அழியாது, ஆனால் திருடுவதற்கு நாலு இடம் கிடைக்கும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் திருட முடியாது, ஆனால் அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் நமக்கே கிடைக்காது. எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

டேலியில் தரவையே பூட்டும் வசதியான டேலி வால்ட் இதற்கு நல்ல உதாரணம். வெறும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போடுவது மென்பொருளின் வாசலைப் பூட்டுவது மட்டுமே. தரவு ஃபோல்டரை யாராவது பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போனால் உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருக்காது. வால்ட் போட்டால் தரவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடும். நிறுவனத்தின் பெயர்கூடப் பட்டியலில் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். வால்ட் பாஸ்வேர்டு மறந்துபோனால் டேலி நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. இதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள், அப்படி இருப்பதுதான் சரியும்கூட.

இஆர்பி 9 காலத்தில் வால்ட் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்துக்கு வால்ட் போடும்போது குறியாக்கம் செய்த புதிய நகல் ஒன்று உருவாகும், பூட்டில்லாத பழையது அதே டிஸ்க்கில் அப்படியே நிற்கும். புதியதைத் திறந்து சரிபார்த்த பிறகு பழையதை நீக்கினால்தான் வால்ட் போட்டதற்கு அர்த்தம். இன்னொன்று, கணக்கர் மாறும்போது வால்ட் பாஸ்வேர்டையும் மாற்றுகிறோம் இல்லையா? அதற்கு முந்தைய பேக்கப்புகள் பழைய பாஸ்வேர்டில்தான் திறக்கும். அதனால் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருக்கும் எங்கள் காகிதத்தில் ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் எதிரே "இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை" என்று எழுதியிருக்கும். ஒட்டிய உறையில் ஒரு பிரதி வீட்டு பீரோவில், இன்னொன்று பேங்க் லாக்கரில். கம்ப்யூட்டரில் எங்கேயும் இல்லை.

நகல் எடுப்பதைப் பொறுத்தவரை, ஏற்பாடு எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு காலம் நிலைக்கும். எங்களிடம் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க். கடையில் கிடக்கும் இன்சுலேஷன் டேப்பில் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை ஒட்டியிருக்கிறது. தினமும் கல்லா சரிபார்த்து முடித்ததும் கணக்கர் அக்கா டேலியில் பேக்கப் எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்து, கடையில் இருக்கும் டிஸ்க்கைச் செருகி நகலெடுத்துவிட்டு உடனே கழற்றிவிடுவார். சனிக்கிழமை இரவு அந்த டிஸ்க் என்னோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வரும், வீட்டில் இருந்தது திங்கள்கிழமை கடைக்குப் போகும். இரண்டுமே விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியவை, வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. பிட்லாக்கர் போட விண்டோஸ் புரோ வேண்டும். பூட்டிய டிஸ்க்கைத் திறக்க ஹோம் பதிப்பே போதும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணும் அதே உறையில் இருக்கிறது.

கழற்றி வைப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு கடையில் நடந்ததைப் பார்த்தேன். விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்ய யாரோ ஒரு மென்பொருளை இறக்கியிருக்கிறார்கள். மறுநாள் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மிரட்டல் கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று சொல்லப்படும் இந்த வகை மிரட்டல் வைரஸ் பெரும்பாலும் இப்படித் திருட்டு மென்பொருள் வழியாகத்தான் வருகிறது. இதன் பழைய வகைகள் பலவற்றுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது, ஆனால் அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை அதில் திறக்காது. அந்தக் கடையில் பேக்கப் எடுக்கும் பழக்கம் இருந்தது. எடுத்த பென் டிரைவ் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. மனிதர் தெருத்தெருவாக அலைந்து, வாடிக்கையாளர்களிடமே பாக்கியைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

விண்டோஸ் டிஃபெண்டரிலேயே ஃபோல்டர்களைக் காக்கும் வசதி ஒன்று இருக்கிறது, 2017 கடைசியிலிருந்து வருகிறது. அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்த மென்பொருளும் நாம் சொன்ன ஃபோல்டரில் கைவைக்க முடியாது. டேலியை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கலாம், இல்லையென்றால் டேலியாலும் எழுத முடியாமல் போகும். இலவசம், தொந்தரவு குறைவு. நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

கூகுள் டிரைவ் எங்களுக்கு மூன்றாவது இடம் மட்டுமே. 15 ஜிபி இலவசம், எங்கள் அளவுக்குத் தாராளம். டேலி ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை நேரடியாக அதில் இணைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் ஃபைல் கெட்டால் கெட்டதுதான் மேலேயும் போய் உட்காரும். பழைய வடிவம் 30 நாளுக்கு இருக்கும் என்றாலும், கெட்டதே தெரியாமல் ஒரு மாதம் ஓடிவிட்டால்? அதனால் அன்றன்றைய பேக்கப் ஃபைல் மட்டும் போகிறது. மாதம் ஒருமுறை பாக்கிப் பட்டியலை எக்செலில் எடுத்து, செவன்-ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு அதையும் ஏற்றுகிறோம், டேலியே திறக்காத நிலை வந்தாலும் படிக்கலாம் என்பதற்காக. அந்தக் கூகுள் கணக்கு என் எண்ணில், இரண்டு அடுக்கு சரிபார்ப்போடு இருக்கிறது. கணக்கர் எண்ணிலோ கம்ப்யூட்டர் சர்வீஸ் பையன் எண்ணிலோ வைக்காதீர்கள்.

இதெல்லாம் சோதனைக்கு வந்தது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதியே முழுகியது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர், மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாம் போயின. வெள்ளம் வந்தது ஞாயிற்றுக்கிழமை, முந்தின இரவு சிவப்பு டிஸ்க் வீட்டுக்கு வந்திருந்தது. கரண்டும் இல்லை, நெட்டும் சரியாகக் கிடைக்கவில்லை, டிரைவில் இருந்த நகலை அந்த நாட்களில் தொடவே முடியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு டிஸ்க் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கரண்ட் வந்ததும் தம்பியின் லேப்டாப்பில் டேலியை ஏற்றி, சனிக்கிழமை இரவு வரைக்குமான கணக்கை அப்படியே திறந்தோம்.

அங்கே எதிர்பாராத ஒரு வேலை வந்தது, லைசென்ஸ். அது பழைய கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கம்ப்யூட்டரோ சேற்றில். டேலி இணையதளத்தில் நிர்வாகி கணக்கில் நுழைந்து லைசென்ஸை ரீசெட் செய்யும் வழி இருக்கிறது. நிர்வாகி மின்னஞ்சல் என்னுடையதாக இருந்ததால் முடிந்தது. பல கடைகளில் விற்றவரின் மின்னஞ்சலைப் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்களுடையது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நவம்பர் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-க்கு எங்கள் மாவட்டங்களுக்குக் கெடுவை 2024 ஜனவரி 10 வரை நீட்டித்தார்கள். கணக்கு கையில் இருந்ததால் அந்த நாட்களைக் கடையைக் கழுவுவதில் செலவிட முடிந்தது.

அந்த வாரம் சேரன்மகாதேவி பக்கத்து விவசாயி ஒருவர் வந்து, "தம்பி, என் கணக்கு வெள்ளத்துல போயிட்டா, இருக்கா?" என்று கேட்டார். லேப்டாப்பைத் திருப்பி அவர் லெட்ஜரைக் காட்டினேன். கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்பதுவரை இருந்தது. அவர் வீட்டு டைரியில் எழுதி வைத்திருந்த தொகையும் அதுவும் ஒன்றாகவே இருந்தன.

உள்ளே இருப்பவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கருக்கு வால்ட் பாஸ்வேர்டு தெரிந்தே ஆக வேண்டும், இல்லாமல் அவர் நிறுவனத்தையே திறக்க முடியாது. ஆகவே வால்ட் வெளியாளுக்கான பூட்டு மட்டும்தான். உள்ளுக்கு, ஆளுக்கொரு தனிப் பயனர் பெயர், பழைய தேதியில் என்ட்ரி போட வரம்பு, திருத்தங்களைப் பதிந்து வைக்கும் எடிட் லாக். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இந்த மாற்றப் பதிவு கட்டாயம். எங்களைப் போன்ற தனி உரிமையாளர் கடைக்குக் கட்டாயமில்லை, இருந்தும் வைத்திருக்கிறோம். யார் எப்போது எந்த வவுச்சரைத் திருத்தினார்கள் என்பது தெரிகிறது. வைக்கும்போது கணக்கர் அக்காவை உட்கார வைத்து, "உங்க மேல சந்தேகம் இல்லக்கா, நாளைக்கு ஒரு தப்பு வந்தா உங்களுக்கும் இதுதான் சாட்சி" என்று சொல்லித்தான் வைத்தேன். அதைச் சொல்லாமல் செய்தால் நம்பிக்கை கெட்டுவிடும்.

தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் பற்றி ஒரு வார்த்தை. சர்வீஸ் செய்பவர்கள் வசதிக்காக நிரந்தர பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போவார்கள். நாம் இல்லாத நேரத்திலும் உள்ளே வரலாம் என்று அதற்கு அர்த்தம். எங்கள் கடையில் அந்த வசதியை அணைத்துவிட்டோம். வேலை இருக்கும்போது நாமே திறந்து, கண் முன்னால் முடிந்ததும் மூடுகிறோம்.

யுபிஎஸ் கட்டாயம். என்ட்ரி சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் தரவு கெட வாய்ப்பு அதிகம். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பது. ஃபைல் இருக்கிறது என்பதற்காகக் கணக்கு இருக்கிறது என்று ஆகிவிடாது. காலாண்டுக்கு ஒருமுறை வீட்டு டிஸ்க்கில் இருப்பதை வேறொரு கம்ப்யூட்டரில், புதிதாக உண்டாக்கிய காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்கிறோம். நடப்புத் தரவு இருக்கும் ஃபோல்டரிலேயே செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும், ஜாக்கிரதை. திறந்ததும் மூன்றைப் பார்ப்பேன்: சண்ட்ரி டெப்டார்ஸ் (நமக்குப் பாக்கி தர வேண்டியவர்கள்) மொத்தம், கடைசி விற்பனை பில் எண், அந்தத் தேதியின் கல்லா இருப்பு. மூன்றும் அன்றைய பிரின்ட்டோடு ஒத்துப்போனால் சரி.

செலவைப் பார்த்தால் இரண்டு டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, விண்டோஸ் புரோ, அவ்வளவுதான். மீதியெல்லாம் தினமும் கடை சாத்தும் முன் பத்து நிமிடப் பழக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் பில் போடும் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையதை விற்கும் முன் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். வாங்க வந்தவர் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம்.