பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் எச்.எஸ்.1: அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாங்கலாமா?

ஏ.இ.டி. (திடீரெனத் தாறுமாறாகும் இதயத் துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி) வாங்கலாமா என்று பேச்செடுத்தாலே குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வரும் முதல் கேள்வி: “ஷாக் கொடுத்து ஆள் இறந்துவிட்டால் கேஸ் யார் மேல்?” இந்தப் பயத்துக்கு பிலிப்ஸின் எச்.எஸ்.1 என்ற ஏ.இ.டி. நல்ல பதில் வைத்திருக்கிறது. இதயத் துடிப்பைக் கருவியே அலசும். ஷாக் தேவை என்று அது முடிவு செய்தால்தான் ஆரஞ்சு பட்டன் வேலை செய்யும். துடிப்பு சரியாக இருப்பவருக்குத் தவறுதலாக அழுத்தினாலும் ஷாக் போகாது. என்ன நடந்தது என்பது உள்ளே பதிவாவதால், உதவியவருக்கு அதுவே சாட்சி.

எடை சுமார் ஒன்றரை கிலோ. பச்சைக் கைப்பிடியை இழுத்ததும் குரல் வழிகாட்டத் தொடங்கும். ஷாக்கைக் கடத்த மார்பில் ஒட்டும் பேட்கள் இரண்டு: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்: வியர்வையைத் துடைக்காமல் ஒட்டுவது, அடர்ந்த மார்பு முடி, பேட் அடியில் சிக்கும் சங்கிலி, அலசும்போது நோயாளியைத் தொடுவது. பெண் என்றால் ரவிக்கையை வெட்டத் தயங்கி நிமிடங்களை இழக்கிறார்கள். தயங்கவே கூடாது, வெறும் தோலில் ஒட்டினால்தான் பலன். பையில் கத்தரிக்கோல் வைத்துவிடுங்கள்.

பாரதிய நியாய சன்ஹிதா 30-வது பிரிவு (பழைய ஐ.பி.சி. 92) சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவருக்கு, உரிய நேரத்தில் அனுமதி கேட்கச் சட்டப்படியான பாதுகாவலரும் இல்லாதபோது, நல்லெண்ணத்தோடு செய்யும் உதவியைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் இது கிரிமினல் வழக்குக்கான கவசம் மட்டுமே. சிவில் பொறுப்பிலிருந்தும் விலக்குத் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சாலை விபத்துக்கு மட்டும்தான். லிஃப்ட் வாசலில் மயங்கி விழுந்தவருக்கு உதவியவரை அது காக்காது. இந்த ஓட்டையை அரசு அடைத்தே ஆக வேண்டும்.

உண்மையில் சங்கம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் பராமரிப்பு. ஏ.இ.டி. வைத்திருப்போருக்கும் பயன்படுத்துவோருக்கும் பாதுகாப்பு தரும் அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம்கூட கருவியைச் சரியாகப் பராமரிக்காமல் தீங்கு நேர்ந்தால் அதை வாங்கி வைத்தவருக்குப் பாதுகாப்பு தருவதில்லை. எச்.எஸ்.1 தினமும் தன்னையே சோதித்துக்கொள்ளும்; பச்சை விளக்கு மினுக்கினால் தயார், ‘கீச்’ சத்தம் வந்தால் கோளாறு. பேட்டரி ஏறக்குறைய நான்கு ஆண்டு, பேட் இரண்டு ஆண்டு தாங்கும். பேட்டின் காலாவதித் தேதியை வாங்கும்போதே பாருங்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள்.

குறை: தூசி, மழைத் தாங்குதிறன் குறைவு. வெயில் கொளுத்தும் கேட் அறை இதற்கு ஆகாது. மூடிய லாபியில், பூட்டில்லாத பெட்டியில் என்றால் தாராளமாக வாங்கலாம். திறந்தவெளிக்கு இதே நிறுவனத்தின் எஃப்.ஆர்.எக்ஸ். மேல்.