சுரங்க ஓடையை அளக்க: பதிவுக்கருவியா, பாட்டில் மாதிரியா?

மேற்கு வர்ஜீனியாவில் மலையுச்சியை வெட்டி நிலக்கரி எடுத்து, கழிவுப் பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறார்கள். அதனடியில் கசிந்துவரும் ஓடை பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். சல்பேட், பைகார்பனேட் உப்புகள்தான் ஏறியிருக்கும். கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனுக்கு 300 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் அளவுகோல் வைத்தது. அதைத் தாண்டினால் ஓடைப்பூச்சி இனங்கள் மறையத் தொடங்கும்.

மாதம் ஒருமுறை பாட்டிலில் பிடிக்கும் மாதிரி மழைநாளில் அமைந்துவிட்டால் நீர்த்துப்போன அளவையே காட்டும். உப்பு உச்சம் தொடுவது கோடை இறுதியில், நீர் வற்றும்போது. ஓடையிலேயே கிடந்து 15 நிமிடத்துக்கொருமுறை மின்கடத்துதிறனை அளக்கும் பதிவுக்கருவி அதைத் தவறவிடாது. அதன் பலவீனம் மின்முனை. பாசியோ இரும்புப் படிவோ ஒட்டினால் அளவு மெல்லச் சரியும். ஓடை தேறிவிட்டது என்று நம்பி ஏமாறுவோம். மாதந்தோறும் மென்தூரிகையால் துலக்குங்கள். துலக்கும் முன்னும் பின்னும் அளவெடுத்து, 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று அளவு தெரிந்த திட்டக் கரைசலில் சரிபாருங்கள். அளவு திடீரென்று பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால், முனை தண்ணீருக்கு வெளியே நிற்கிறது.

செலினியம் என்ற நச்சுத் தனிமம் கருவிக்குப் பிடிபடாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராமே உணவுச் சங்கிலியில் சேர்ந்து மீன்குஞ்சுகளை உருக்குலைக்கும். அதற்குப் பாட்டில்தான்: நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சல்பேட் பாட்டிலில் அமிலம் கூடாது, ஐஸ் பெட்டி போதும்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் கருவியை வாங்குங்கள். அதன் வரைபடத்தில் மின்கடத்துதிறன் கோடு ஏறும் வாரத்தில் பாட்டிலோடு போங்கள்.