சாய்வு நாற்காலி

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் மதுரைக்குப் போனேன். அதில் பாதி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழிந்தது. பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்பது தெரிந்ததுதான். ஆனால் வாசலுக்கு வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இமை வீங்கி, கழுத்து நரம்பு புடைத்து, சட்டையின் மேல் பட்டன் போட முடியாமல் நின்றார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பத்து நாளாகச் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். "உப்பைக் குறைங்க, வத்திடும்" என்று பக்கத்துக் கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்த அன்றே விஷயம் தெரிந்தது. தலை, கைகளிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரையைப் புற்றுக்கட்டி நெருக்குகிறது. "இது புற்றுக்கு வைத்தியம் இல்லைங்க, அடைப்பைத் திறக்கிறோம், அவ்வளவுதான்" என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். கதிர்வீச்சில் வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், சிரைக்குள் ஸ்டென்ட், அதாவது அதை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய், வைத்தால் ஓரிரு நாளில் தெரியும் என்றார்.

ஸ்டென்ட் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாம் "ஹார்ட் அட்டாக்கா?" என்று போன். பெரியம்மாவும் இதய ஸ்டென்டுக்கு 2017-இல் அரசு வைத்த விலை வரம்பை நம்பியிருந்தார். சிரைக்கு வைப்பதற்கு அது பொருந்தாது என்பது பில் கவுன்டரில்தான் தெரிந்தது. முழுப் பணமும் கட்டினால்தான் உள்ளே அழைத்துப் போவார்களாம். என் ஆஸ்திரேலிய கார்டை மெஷின் ஏற்கவில்லை, தம்பிதான் கட்டினான்.

மரத்துப்போக ஊசி போட்டு, தொடை இடுக்குச் சிரை வழியாகக் குழாய் விட்டு வைத்தார்கள். ஒரு மணி நேர வேலை. வெளியே வரும்போதே "தலைபாரம் இறங்கிடுச்சுடா" என்றார். மறுநாள் காலையில் பழைய தாடை தெரிந்தது.

டிஸ்சார்ஜ் தாள்தான் எரிச்சல். முழுக்க ஆங்கிலம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்டுக்குள் உறைந்து அடைத்தால் வீக்கம் திரும்பும் என்பதையெல்லாம் நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். மாத்திரைப் பெட்டி மேல் பெரியம்மாவுக்காகத் தமிழில் எழுதி ஒட்டினேன். அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் செவிலியர் வீட்டுக்கே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பில் போட்ட இடத்தில் கிடைக்காத பொறுமை அது.

கிளம்பும் முந்தின நாள் பெரியப்பா கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். காலையில் சாய்வு நாற்காலியை மடக்கி மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார் பெரியம்மா.

"இங்கேயே கிடக்கட்டும்" என்றார் பெரியப்பா.