பழ ஈக்கு மது: ஆவியா, தீனியா?

பழ ஈயின் போதையை அளக்க ஆவி முறைதான் வேகமானது. சுமார் பத்து ஈக்களைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, பஞ்சு அடைப்பில் 1 மி.லி. எத்தனால் (மதுவில் உள்ள ஆல்கஹால்) ஊற்ற வேண்டும். முதலில் துறுதுறுவென ஓடும். பிறகு தள்ளாடி மல்லாக்க விழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குப்பியைத் தட்டி, பாதி ஈக்கள் சாயும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்தால் சாய்வதற்கு ஆகும் நேரம் கூடும்; அதுதான் தாங்குதிறன். ஈக்களை மயக்கிப் பிரிக்கக் கார்பன் டை ஆக்சைடு கொடுத்த அன்றே சோதித்தால் கணக்கு கெடும். ஒரு நாள் விடுங்கள்.

ஆனால் ஆவி முறையில் ஈக்குத் தேர்வு என்பதே கிடையாது. விரும்பிக் குடிக்கிறதா என்று பார்க்க 5 மைக்ரோலிட்டர் நுண்குழாய்கள் வேண்டும்: ஒன்றில் சர்க்கரை-ஈஸ்ட் கரைசல், மற்றதில் அதோடு 15% எத்தனால். நாள் போகப்போக ஈ மதுக்குழாய்ப் பக்கமே சாய்வது தெரியும். இங்கே வில்லன் ஆவியாதல். ஈயில்லாத குப்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன் இழப்பைக் கழிக்காவிட்டால், காற்று குடித்ததும் ஈயின் கணக்கில் ஏறிவிடும். குடித்த எத்தனாலை ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதி அசிட்டால்டிஹைடாக மாற்றிவிடுவதால், பருகிய அளவும் உடலில் நிற்கும் அளவும் ஒன்றல்ல.

போதையைப் பாதிக்கும் மரபணுப் பிறழ்வுகளைச் சலித்துத் தேட ஆவி. அடிமைத்தனம் பற்றிய கேள்விக்கு நுண்குழாய்.