எல்லாருக்கும் பச்சை, ஆனால் சுருதி சேரவில்லை: ஒரு கிளிப் டியூனர் அனுபவம்

நாங்கள் ஐந்து பேர், ஐந்தும் நைலான் கம்பி கிட்டார். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஐந்து பேருக்கும் ஒரே மாடலில் கிளிப் டியூனர் வாங்கினோம். கிட்டாரில் கவ்வவைத்தால் கம்பி சுருதியில் இருக்கிறதா என்று காட்டும் கருவி, சேர்ந்துவிட்டால் பச்சை எரியும். பெயர் வேண்டாம், பாதிக் கம்பெனிகள் இதே அச்சில்தான் செய்கின்றன.

அதுவரை போன் ஆப்தான். ஒரே அறையில் ஐந்து பேர் கம்பியைத் தட்டினால் போனின் மைக் பக்கத்து ஆளின் கம்பியைக் கேட்டுவிட்டு நமக்குத் தீர்ப்புச் சொல்லும். அதனால் ஒருவர் சேர்க்கும்போது நால்வர் சும்மா உட்கார்ந்திருப்போம். ஒத்திகையில் கால்வாசி நேரம் இதிலேயே போகும். கிளிப் டியூனருக்குக் காற்றில் வரும் சத்தம் பொருட்டே இல்லை. கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைக் கவ்வியிருக்கும் இடத்தில் உள்ள பீசோ வில்லை (அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்னத் தகடு) மரத்தின் அதிர்வை நேராக வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் யார் என்ன வாசித்தாலும் என் கம்பிக்குத்தான் முள் நகர்கிறது. ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் முதல் பாட்டுக்குப் போய்விட்டோம். இதற்காகவே வாங்கலாம்.

துல்லியம் ஒரு சென்ட் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அரை ஸ்வரத்துக்கு நூறு சென்ட், ஆகவே தாராளம். பத்தில் ஒரு சென்ட் வரை காட்டும் ஸ்ட்ரோப் டியூனர்களும் உண்டு. ஆனால் நைலான் கம்பி ஒரு பாட்டு முடிவதற்குள் அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். பிடி உறுதி, திரை இருட்டிலும் தெரிகிறது, 2032 பட்டன் பேட்டரி எங்கும் கிடைக்கும். சரி, இனி குறைக்கு வருகிறேன்.

இரண்டாவது ஒத்திகை. ஒரு இடத்தில் மூன்று பார்ட்டும் ஒரே ஏ ஸ்வரத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் கம்பி, ஐந்தாவது ஃப்ரெட், நான்கு எண்ணிக்கை. நின்றோம். 'வொய்ங் வொய்ங்' என்று ஒரு அலை. டியூனரைப் பார்த்தால் எல்லாருக்கும் பச்சை. இரண்டாவது பார்ட் தம்பி இரண்டு நாள் முன்புதான் கம்பி மாற்றியிருந்தான். புதிய நைலான் ஒரு வாரமாவது இழுபட்டுக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்த விஷயம், பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது. அவன் மறுபடி சேர்த்தான், பச்சை. மறுபடி வாசித்தோம், அதே அலை. அவனை அதிகமாக முறைத்தவன் நான்தான்.

கடைசியில், எங்களை நடத்தும் அக்கா இரண்டு இரண்டு பேராக வாசிக்கச் சொன்னார். முதல் பார்ட்டும் தம்பியும் வாசித்தால் சுத்தம். முதல் பார்ட்டும் நானும் வாசித்தால் அலை, நொடிக்குச் சரியாக இரண்டு. அக்கா என் கிட்டாரிடம் வந்து டியூனரின் மூலையைக் குனிந்து பார்த்தார். பொடி எழுத்தில் 442. ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று டியூனர் வைத்துக்கொள்ளும் எண் அது. மற்ற நால்வருக்கும் 440.

அலை ஏன் இரண்டு என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது: இரண்டு ஸ்வரங்களின் அதிர்வு எண்ணிக்கையில் உள்ள வித்தியாசம்தான் நொடிக்கு இத்தனை அலை என்று கேட்கும், 442-லிருந்து 440 போனால் இரண்டு. ஏறக்குறைய எட்டு சென்ட், அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது. தனியாக வாசித்திருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

இந்த எண்ணை மாற்றும் பொத்தானே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1939-இல் லண்டனில் கூடிப் பேசி 440 என்று வைத்துக்கொண்ட பிறகும் ஐரோப்பாவில் பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் 442-க்குத்தான் சேர்க்கின்றன. 442-இல் சேர்த்த பியானோவுடன் வாசித்தால் அது தேவைதான். ஆனால் அதை ஆன் பொத்தானுக்கு ஒட்டினாற்போல், அதே அளவில், பூட்டு எதுவும் இல்லாமல் வைத்தவரை என்ன சொல்ல? பையில் போடும்போது இரண்டு தடவை அழுந்தியிருக்கிறது. அணைத்தாலும் அந்த எண்ணை மறப்பதில்லை. போதாக்குறைக்கு மூன்று நிமிடம் சும்மா இருந்தால் தானே அணைந்துவிடும். பாட்டுக்கு நடுவே அரையிருட்டில் தடவித்தான் ஆன் செய்ய வேண்டும். விரல் எதில் படும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்துக்கு மூன்றரை. வாங்கினால் அந்தப் பொத்தான்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியாயிற்று. ஆனாலும் தம்பி விடுவதாக இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் டியூனரை மாட்டியதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்கிறான்: "அண்ணா, நாற்பதா, நாற்பத்திரண்டா?"